இருதய வால்வுச் சத்திரசிகிச்சை: போகுமுன் பேசிக்கொள்ள வேண்டியவை

(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து தயாரித்து வாசித்த உரை)



இந்த உரையை நாங்கள் இருவர் சேர்ந்து எழுதினோம். எம்மில் ஒருவர் 30 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்றவர் 34 வயதில் மைட்ரல் வால்வை மாற்றிக்கொண்டு, 9 வருடமாக வீட்டையும் பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டிருப்பவர். எந்தப் பகுதியை யார் எழுதினோம் என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. அநேகமான வசனங்களில் இருவரும் சண்டை பிடித்திருக்கிறோம்.

நூற்றாண்டு கொண்டாடும் நேரத்தில் ஒரு பழைய கதை. 1923 மே மாதம் பொஸ்டன் நகரில் எலியட் கட்லர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சுருங்கிப்போன மைட்ரல் வால்வைத் திறக்க இருதயத்துக்குள் கத்தியை விட்டார். படுத்திருந்தது 12 வயதுப் பிள்ளை. அவள் பிழைத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். அவளுக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. 1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் ஓர் இளம்பெண்ணின் வால்வை விரலாலேயே விரித்தார். அவளும் பிழைத்தாள், ஆனால் மற்ற வைத்தியர்கள் அவரிடம் வேறு நோயாளியை அனுப்பவில்லை. 1953இல் ஜோன் கிப்பன் இருதய நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்தியதும் 18 வயதுப் பெண்ணில்தான். இந்த மூன்று பேரும் பெண்பிள்ளைகள் என்பதை எங்கள் சங்கம் கவனிக்க வேண்டும். முதல் இருவரையும் படுக்க வைத்த மைட்ரல் சுருக்கம் இன்றும் ஆண்களைவிடப் பெண்களிலேயே அதிகம்.

அதன் தொடக்கம் மிகச் சாதாரணமானது. சின்ன வயதில் தொண்டை நோ. அதற்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியை எதிர்த்து எழும் உடம்பின் படை, இருதய வால்வையும் எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி வீங்கும். வீட்டில் ‘வளருகிற பிள்ளை, கால் உளைவு’ என்பார்கள். வாதக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தால் மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. அந்த ஊசி நோகும். அதற்காகவே பிள்ளைகள் கிளினிக்குக்கு ஒளிப்பார்கள். இடம்பெயர்ந்து முகாம் முகாமாகத் திரிந்த வருடங்களில் ஒளிக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கிளினிக் கொப்பியே தொலைந்துபோனது. எம்மில் ஒருவரின் கொப்பி தொலைந்ததும் அப்படித்தான்.

பிறகு வருடங்கள் போகும். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மூச்சு வாங்கும். கோணேசர் கோவில் ஏற்றத்தில் இரண்டு தரம் நிற்க வேண்டி வரும். ‘இரத்தம் காணாது’ என்று இரும்புக் குளிசை குடிப்போம். தங்கைமாரே, தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் அது இரத்தச்சோகை என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். எக்கோ பரிசோதனைக்குக் கேளுங்கள். அது நோகாது, ஊசியும் இல்லை.

எக்கோ பார்த்த பிறகுதான் தெரிவு பற்றிய பேச்சு வரும். வால்வு சுருங்கி, ஆனால் இன்னும் மெதுவாக இருந்து, ஒழுக்கு அதிகம் இல்லையென்றால், தொடை நாளத்தின் வழியே பலூனை அனுப்பி விரிக்கலாம். ஜப்பானியர் கன்ஜி இனுவே 1980களில் கொண்டுவந்த முறை இது. நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. வால்வு கல்லுப்போலத் தடித்திருந்தாலோ, நன்றாக ஒழுகினாலோ பலூன் உதவாது. அப்போது திருத்துவதா, மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. திருத்த முடிந்தால் திருத்துவதே மேல். ஆனால் வாதக் காய்ச்சல் தின்ற வால்வு எப்போதும் திருத்தத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

மாற்றுவதென்றால் உலோக வால்வா, மாட்டின் அல்லது பன்றியின் இழையத்தால் செய்த வால்வா? உலோக வால்வு ஆயுளுக்கும் உழைக்கும். ஆனால் அதில் குருதி உறையாமல் இருக்க வோபரின் குளிசையை ஆயுளுக்கும் எடுக்க வேண்டும். இழைய வால்வுக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. ஆனால் இளம் வயதினரில் சீக்கிரம் பழுதாகி மறுபடியும் சத்திரசிகிச்சை தேவைப்படும். இன்னும் பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு இது வெறும் வால்வுக் கேள்வி அல்ல. வோபரின் கருவில் உள்ள சிசுவைப் பாதிக்கக் கூடியது, முதல் மூன்று மாதத்தில் விசேடமாக. அதை நிறுத்தினால் தாயின் வால்வில் குருதி உறையும். இரண்டு பக்கமும் உயிர். எம்மில் ஒருவர், ஒரு பிள்ளை போதும் என்று கணவனோடு பேசி முடிவெடுத்து உலோக வால்வைத் தெரிந்தார். மாமியார் மூன்று மாதம் பேசவில்லை. அதே விடுதியில் அடுத்த கட்டிலில் இருந்த 26 வயதுப் பிள்ளை, இன்னொரு தரம் நெஞ்சைத் திறக்க வேண்டி வரும் என்று தெரிந்துகொண்டே இழைய வால்வைக் கேட்டாள். இருவரில் யார் சரி என்று யாரும் எங்களைக் கேட்க வேண்டாம். கலியாணம் ஆகாத பிள்ளைக்குப் பதிலாகத் தகப்பன் கையொப்பம் வைத்து முடிவெடுப்பதைத்தான் நாங்கள் ஏற்க மாட்டோம். அவளைத் தனியே இருத்திக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் வால்வு மிக விலை என்றிருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் வலியத்தான் தலைமையில் சொந்தமாக ஒரு வால்வைச் செய்து 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். அதற்கு முந்தைய மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றவை. எங்கள் விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு அந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

இனி வெட்டு. மார்பெலும்பை நடுவில் பிளந்து திறப்பது பழைய வழி. வலது மார்பின் கீழே, விலாவுக்கு நடுவில் சிறு வெட்டால் போவது புதிய வழி. சிறு வெட்டு என்றதும் பெண்களின் முகம் மலர்வதை விடுதியில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறோம். வடு மறைகிறது, சேலைச் சட்டை கழுத்து இறக்கித் தைக்கலாம். இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் சிறு வெட்டில் இயந்திரத்தில் இருக்கும் நேரம் கூடும். அதற்குப் பழகிய கை வேண்டும். தொடை நாளங்கள் நன்றாக இருக்க வேண்டும். 2023இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில் 330 பேரை இரண்டு வழிக்கும் பிரித்துப் பார்த்தார்கள். சிறு வெட்டுக்காரர் சற்று முன்னதாக வீடு போனார்கள். 12 கிழமையில் உடல் இயக்கம் இரு பகுதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதுவும் வயதினால் தேய்ந்த வால்வைத் திருத்தியவர்கள். எங்களைப் போல வாதக் காய்ச்சல்காரர் அல்லர். எம்மவருக்கு வலதுபக்க வால்வையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருந்ததால், நடுவில் திறப்பதே பாதுகாப்பு என்று நிபுணர் சொன்னார். ‘இந்த வழியில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, எண்ணிக்கையைச் சொன்னார். கேளுங்கள்.

ஆயத்தத்தில் முதல் வேலை பல். சொத்தைப் பல்லில் உள்ள கிருமி குருதி வழியாகப் புது வால்வில் குடியேறினால் அந்த வால்வையே இழக்க நேரும். திகதி கிடைக்க முன்பே பல் வைத்தியரிடம் போங்கள்; வால்வு வியாதி என்று சொல்லுங்கள். நீரிழிவு இருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். குடிக்கும் குளிசை எல்லாவற்றையும், நாட்டு மருந்து, கசாயம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும். ஆழ மூச்செடுத்துப் பழகுங்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமப் பழகுங்கள்; பிறகு அது பெரிய உதவி.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ போய் நிற்பவருக்குச் செலவு உண்டு. மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருபவருக்கு இன்னும் அதிகம். திகதி பின்போகும், ஒரு தரமல்ல, இரண்டு மூன்று தரமும் போகும். கூட நிற்பவர் மாறி மாறி வர ஆள் பார்த்து வையுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் விடுதியில் பாதிப் பயம் போய்விடும்.

வீடு வந்த பிறகு மார்பெலும்பு பொருந்த 6 முதல் 12 கிழமை செல்லும். கிணற்றில் வாளி இழுப்பது, திருவலையில் தேங்காய் துருவுவது, ஈரச் சேலை பிழிவது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் அதுவரை வேறு யாருடையவோ வேலை. இதைக் கணவன்மாருக்கு முன்பே சொல்லி வையுங்கள். வந்த பிறகு சொன்னால் நம்பமாட்டார்கள். மார்பு கனமான பெண்களுக்குத் தையல் இழுபடாமல் முன்பக்கம் கொழுவும் மெதுவான உள்சட்டை வேண்டும். இதை எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் எழுதியிருக்க நாங்கள் காணவில்லை.

வோபரின் எடுப்பவர்கள் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணியை விட்டுவிடத் தேவையில்லை. ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். விரதம் முடிந்து திடீரென்று உணவை மாற்றினால் ஐ.என்.ஆர். அளவும் மாறும். மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் வைத்திருப்பார்கள். உங்களுக்குரிய எல்லையை உங்கள் வைத்தியர் கொப்பியில் எழுதித் தருவார். தலையிடி, உளைவுக்குக் கடையில் டிஸ்பிரின், டைக்ளோபெனக் வாங்கிப் போட வேண்டாம். பனடோல்கூடத் தொடர்ந்து எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். மாதவிடாய் வழக்கத்தைவிட அதிகமாகப் போனால் பொறுத்திருக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

தேநீர் இடைவேளையில் நாங்கள் இருவரும் மேடைக்கு இடப்பக்கம் இருப்போம். கிளினிக் கொப்பி, எக்கோ அறிக்கை கொண்டுவந்தவர்கள் காட்டலாம். வடுவைப் பார்க்க விரும்பும் தங்கைமார் பின்னால் உள்ள வகுப்பறைக்கு வரலாம். எம்மில் ஒருவர் காட்டச் சம்மதித்திருக்கிறார்.