வேசம் போடும் இரண்டு வண்ணாத்திப்பூச்சிகள்



நஜ்மாவில் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பூச்சாடிக் கறிவேப்பிலையாவது இருக்கும். ஊரில் அந்தக் கறிவேப்பிலையிலும் தேசிமரத்திலும் முட்டையிடும் கறுப்பு வண்ணாத்திப்பூச்சியை நினைவிருக்கிறதா? அதற்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர். இன்றைய கதையில் அது ஒன்று. மற்றது டனாய்ட் எக்ஃபிளை. அதன் புழு பருப்புக்கீரை தின்று வளரும்.

இரண்டையும் பறவைகள் விரும்பித் தின்னும். ஆகவே தின்னக்கூடாத பூச்சியின் சட்டையை இவை போட்டுக்கொள்கின்றன. சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்த எங்களுக்கு ஒளிவதென்றால் கண்ணில் படாமல் போவது. இவை நேர்மாறு, நன்றாகத் தெரியும்படி பறக்கின்றன.

எக்ஃபிளையின் ஆண் கறுப்பு, சிறகில் வெள்ளைப் பொட்டுகள். பெண்ணோ செம்மஞ்சள். எருக்கலையில் வளரும் வெந்தய வரியனை அப்படியே பார்த்தது போல இருக்கும். எருக்கலைப் பாலின் நஞ்சு வரியனின் உடம்பிலும் தங்கக்கூடியது. இந்த வரியன் கட்டாரிலும் பறக்கிறது.

கறிவேப்பிலை அழகியின் சங்கதி இன்னும் விசித்திரமானது. பெண்களில் மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றொன்று ரோஜா அழகி போல, மூன்றாவது சிவப்புடல் அழகி போல. அந்த இரண்டு அழகிகளும் ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகளின் நஞ்சைச் சேர்த்து வைத்திருப்பவை. மூன்று வகையும் ஒரே இனத்துப் பெண்கள்தான் என்று 1865இல் எழுதியவர் வாலஸ். டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு இந்த வேசத்தைத் தீர்மானிக்கிறது என்று 2014இல் குருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

எக்ஃபிளையில் பெண்கள் எல்லோரும் வேசம் போட, அழகியில் சிலர் மட்டும் ஏன்? கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இது கள்ளநோட்டுக் கணக்கு. சந்தையில் நல்ல நோட்டு நிறையப் புழங்கும்வரைதான் கள்ளநோட்டு செல்லும். போலி பெருகினால், இந்தச் சிறகு ருசியானது என்று பறவை பழகிவிடும். வெந்தய வரியன் ஆபிரிக்காவிலிருந்து ஆசியா வரை தாராளமாகக் கிடைக்கும் பூச்சி. ரோஜா அழகியை எல்லா இடத்திலும் அப்படிக் காணமுடியாது. முழு விடை இதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரிய பங்கு இதற்கு உண்டு.

விடுமுறைக்கு ஊருக்கோ தமிழ்நாட்டுக்கோ போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். சிறகைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், உடம்பைப் பாருங்கள். உண்மையான ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு. வேசக்காரிக்கு உடம்பு கறுப்பு.