தடயத்தின் வழியே உயிரியல்



1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட போட் மெயிலில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டி ஒன்று, திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து மானாமதுரையில் திறக்கப்பட்டபோது, அதனுள் தலையற்ற சடலம் இருந்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று பிரசித்தி பெற்ற அவ்வழக்கில், இறந்தவருக்கு வயது 25 இருக்கலாம் என்று முதலில் ஊகித்தார்கள்; பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்த பரிசோதனையோ, அவர் நாற்பதைக் கடந்தவர் என்று நிர்ணயித்தது.

இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று சிலர் தயங்கக்கூடும். கோரத்தை விலக்கிவிட்டு, எலும்பு எவ்வாறு வயதைச் சொல்லும் என்னும் வினாவை மட்டும் முன்வைத்தால், குருத்தெலும்பு எலும்பாக மாறும் பாடத்தைக் கேட்டுக் கொட்டாவி விடும் மாணவனும், வளர்ச்சித் தட்டுகள் 25 வயதுக்குள் பெரும்பாலும் மூடிவிடுகின்றன என்பதை ஆவலோடு கேட்பான். விடையை முதலில் ஒப்பிக்கச் செய்யும் நம் போதனா முறையைத் தலைகீழாக்கி, வினாவை முன்னே நிறுத்துவதே தடய அறிவியலின் விசேஷ குணம்.

இவ்வாறு வினாவை முன்னிறுத்தும் பாடத்துக்குத் திரைவழி வசதிகளும் துணைநிற்கும். 2018-இல் தமிழகப் பாடநூல்களில் க்யூஆர் குறிகள் இடம்பெற்றன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது.  பள்ளியில் காட்ட இயலாத மரபணு ரேகைப் பட்டைகளையும், நீரில் மூழ்கியவரின் உடலில் தேடப்படும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளையும் கண்முன் நிறுத்த இணையவழிக் கல்விக்கு நிகரில்லை. ஆனால் கையால் செய்யத்தக்கதைத் திரையில் பார்த்துத் திருப்தி அடைவது வியர்த்தம். ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை ஒற்றி, சங்கா சக்கரமா என்று பூதக்கண்ணாடியால் நோக்கும் மாணவிக்கு, ஒரே கருவில் உருவான இரட்டையரின் மரபணு ஏறத்தாழ ஒன்றாயிருக்கக் கைரேகை மட்டும் வேறுபடுவானேன் என்ற கேள்வி தானே எழும். கருப்பையின் சூழ்நிலையும் ரேகைகளை வடிக்கிறது என்ற உண்மை அப்போது அவள் மனத்தில் நிலைக்கும். மீன் துண்டு இட்ட இரண்டு பாட்டில்களில் ஈ முட்டையிட்ட பின், வாயில் வலைத்துணி கட்டி, ஒன்றை நிழலிலும் மற்றொன்றை வெப்பமான இடத்திலும் வைத்துப் புழுக்களின் வளர்ச்சியைக் குறித்து வந்தால், மரண நேரத்தைக் கணிப்பதில் வெப்பநிலைக்குள்ள பங்கும் விளங்கும்.

தொலைக்காட்சித் தொடர்களின் துப்பறிவாளரைப் போல நொடியில் தீர்ப்புக் கூறும் சபலம் ஒன்றுதான் இம்முறையின் அபாயம். கைரேகை பொருந்துவது ஒருவர் அப்பொருளைத் தொட்டார் என்பதற்குப் பிரமாணமே அன்றி, குற்றம் செய்தார் என்பதற்கு அன்று. ஆகவே ஆசிரியர், மாணவரின் முடிவுக்கு மட்டுமன்றி, எதுவரை பிரத்தியட்சம், எங்கிருந்து அநுமானம் என்று அவர்கள் பிரித்து எழுதுவதற்கும் மதிப்பெண் தர வேண்டும். நம் பிள்ளைகள் எல்லோரும் தடய நிபுணராக வேண்டுவதில்லை. ஆதாரம் கேட்டு நம்பும் பிரஜைகளாக வளர்ந்தால், அதுவே இப்பயிற்சியின் பூரண பலன்.