பெல்லர்பி என்றொரு பெயர்

(பல்லேகல ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கண்டி ஹில்வூட் கல்லூரியை 1890இல் தொடக்கிய மிஸ் எலிசபெத் பெல்லர்பியின் பெயரை நாம் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்திலேயே அரிதான குடும்பப் பெயர் அது. வட யோர்க்ஷயரில் லேபர்ன் பட்டினத்துக்கு அருகே பெல்லர்பி என்றொரு சிற்றூர் உண்டு. 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலப்பதிவிலேயே அது இருக்கிறது. ஈற்றிலுள்ள ‘பி’, அங்கே குடியேறிய நோர்ஸ் மக்களின் சொல். நமக்கு ‘ஊர்’, சிங்களத்தில் ‘கம’. ஊரைவிட்டுப் போனவரைத்தான் அயலூரார் ஊர்ப்பெயரால் அழைப்பார்கள். (ஊருக்குள் எல்லோரும் பெல்லர்பிதானே!) ஸ்மித் என்ற பெயர், கொல்லன் இருந்த ஊரெல்லாம் தோன்றிப் பெருகியது. ஒரே சிற்றூரில் தோன்றிய பெயருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மகள்மார் மணமுடித்தால் அதுவும் மாறிவிடும்.

நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. முதலில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு கணவன் பெயர். பள்ளி இடாப்பில் உள்ள பிள்ளையை இன்று ரொறன்ரோவில் எந்தப் பெயரில் தேடுவது? நம் முகவரிப் பட்டியலிலிருந்து பலர் இப்படித்தான் தொலைந்துபோனார்கள். ஆகவே சங்கத்துக்கு எழுதும்போது, இடாப்பில் இருந்த பெயரையும் பள்ளியைவிட்டு விலகிய ஆண்டையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.