மணலின் பெயரறிந்தவர்
பெரம்பூரில் நிகழ்த்தப்பெற்ற உரை



பெரம்பூர், இரும்பையும் உருக்கையும் அறிந்த ஊர். 1955இல் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகம் இங்குத் தோன்றியது. கடைசல், வார்ப்பு, பற்றவைப்பு என்று தொழிலாளர் நாவில் தமிழ் இயல்பாய் வழங்கும் இவ்வூரிலும், வேதியலைத் தமிழிற் சொல்லவொண்ணாது என்பார் உளர். அவர்க்குக் குமரிக்கரை மணல் விடை கூறும்.

மணவாளக்குறிச்சியில் அலை ஒதுக்கும் கருமணலைக் கரைவாழ் மக்கள் வழிவழியாகக் கண்டே வந்தனர். ஆயினும், அன்றைய திருவிதாங்கூரிலிருந்து செருமனிக்குச் சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஆராய்ந்து, அதில் மோனசைட்டு உண்டெனக் கண்டவர் சோம்பெர்கு என்னும் செருமானியரே. அதிலுள்ள தோரியம் அந்நாளில் வளிவிளக்கின் வலைத்திரிக்கு வேண்டப்பட்டது. கயிறு விற்றவர்க்குக் கயிற்றின் விலையே கிடைத்தது. மணலின் பெயரறிந்தவர்க்கு மணலே கிடைத்தது!

அதனைத் தூய்மை செய்யும் முறை யாது? முதலில் நீரோட்டத்தில் அலச, எடைகுறைந்த வெண்மணல் அகலும். எஞ்சியதை உலர்த்தி மின்புலத்தில் விழச்செய்தால், மின்கடத்தும் இல்மனைட்டு ஒருபுறமும், கடத்தாத மோனசைட்டும் சிர்க்கானும் மறுபுறமும் விலகும். வலிய காந்தம் மோனசைட்டை ஈர்க்கும், சிர்க்கானை ஈர்க்காது. பிரிந்த மோனசைட்டைப் பொடித்து, எரிசோடாக் கரைசலில் வேகவைப்பர். பாசுபேட்டுப் பகுதி கரைந்து நீங்கும். எஞ்சிய கசட்டில் உப்புக்காடியை அளவறிந்து சேர்த்தால், சீரியம், இலாந்தனம் முதலிய அருமண் தனிமங்கள் கரையும். தோரியம் கரையாது தங்கும். காடி மிகுந்தாலோ அதுவும் கரைந்து கலந்துவிடும். அளவே தூய்மைக்குக் காவல்.

இத்துணையும் சொல்ல எத்துணை அயற்சொல் வேண்டியிருந்தது? பொருட்பெயர் சிலவே. அலசல், உலர்த்தல், ஈர்த்தல், கரைத்தல், வடித்தல் என வினைகளெல்லாம் தமிழரின் அடுக்களையிலேயே உள்ளன.

இஃது ஏட்டுச் சிக்கலன்று. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் பரப்பில் இம்மணலை எடுக்கும் திட்டத்தைக் கரைவாழ் மக்கள் 2024இல் எதிர்த்தனர். கடல் அரிக்குமா? கதிர்வீச்சு கூடுமா? எஞ்சும் கசடு எங்கே போகும்? வினவுவோர் தமிழர். விடை ஆங்கிலத்தில் இருந்தால், அது யாருக்கு விடை?

ஆதலின், வேதியலைத் தமிழிற் பயிலும் பெரம்பூர்ச் சிறுவன் பின்தங்கியவன் அல்லன். நாளை அத்திட்ட ஏட்டைப் படித்துக் கரைமக்களுக்கு எடுத்துரைக்கப் போகின்றவன் அவனே. தன் மண்ணிலுள்ளதைத் தன் மொழியில் அறியாத இனம், அம்மண்ணைப் பிறர் சொல்லும் விலைக்கே விற்கும்.

தமிழில் பயில்க! தமிழில் வினவுக! தமிழில் விடை பெறுக!