சிலையும் நெறியும்

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என வணங்கப்பெற்ற சிலை புத்தருடையதே எனத் தொல்லியல் ஆய்வு தெரிவித்தது. அதனை ஏற்று, 2022ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கப் பணித்தது. சிலை யாருடையது என்பது தெளிவாயிற்று. நம் கடமை தெளிவாயிற்றா?

அங்கே நெடுநாள் கைகூப்பிய எளியோரை எள்ளுதல் புத்தர் நெறியாகாது. நம் சமயம் வென்றது என்னும் செருக்கும் ஒருவகைப் பற்றே. பற்றினால் துன்பம் விளையும் என்பதன்றோ அவர் கண்ட உண்மை?

இன்று தியானம் நல்லுறக்கத்திற்கும் தொழில் உயர்வுக்கும் உரிய பயிற்சியாக விற்கப்படுகின்றது. மன அமைதியை நாடுதல் பிழையன்று. ஆயினும், எண்வகை நெறியில் நல்லமைதியோடு நல்வாய்மையும் நற்செய்கையும் நல்வாழ்க்கையும் உள்ளன. இவற்றை விட்டுக் கண்மூடி அமர்தல் கடமையினின்று ஒதுங்குதலே. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், அந்நெறியில் மனிதர் யாவரும் சமம் என்னும் அறத்தையே கண்டார்.

ஆத்தூர் வட்டாரத்துத் தியாகனூரிலும் புத்தர் தியானத்தில் அமர்ந்திருக்கின்றார். அவரைக் காணச் செல்வோர், தம் வயலில் உழைத்தவருக்கு உரிய கூலி தந்தோமா என ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். அதுவும் தியானமே.