வெளியூர்க்காரனுக்கு ஜாமீன் யார்?



பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நமக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்றாலே நடுக்கம். வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் அழுகிறோம். தெரிந்த ஆளைத் தேடி ஓடுகிறோம். நகையை அடகு வைக்கிறோம். ஆனால் வழக்கு எந்தப் படியில் நிற்கிறது, அந்தப் படியில் நமக்குள்ள உரிமை என்ன என்று விசாரிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். 2022 டிசம்பர் 31-இல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தீர்ப்புக்கு முன்பே சிறையில் கிடக்கிறார்கள்! ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாத ஏழைகள் இவர்களில் ஏராளம்.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்புக்கு வந்தது. பெயர் மாறிற்று, வழக்கு ஏறும் படிகள் பெரும்பாலும் பழையவையே.

முதற்படி கைது. ஏன் பிடித்தோம் என்று போலீசார் சொல்லியாக வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைக் கலந்து பேசவும் உரிமை உண்டு. இவை யாரும் போடுகிற பிச்சையல்ல. அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவிலேயே இவற்றின் வேர் இருக்கிறது.

இரண்டாவது படி ரிமாண்டு. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கெடு உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றமானால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். முதல் ரிமாண்டு நாளிலிருந்து எண்ண வேண்டும். யு.ஏ.பி.ஏ. போன்ற சில சிறப்புச் சட்டங்களில் மட்டும் கெடு நீளலாம். கெடு தாண்டியும் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை. ஆனால் அதைக் கேட்க வேண்டும்! கேட்பதற்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஒரே ஒரு நாள் அசட்டையால் மாதக்கணக்கில் சிறையிலே கிடக்க நேரும்.

சரி, ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த கேள்வி என்ன? “உள்ளூரில் சொத்துள்ள ஜாமீன்தார் யார்?” வாடகைக் குடிசையில் இருக்கும் நாம் எங்கே போவோம்? ஊரிலே இருக்கும் அரைக் காணி நிலத்தை இங்கே யார் மதிக்கிறார்கள்?

இந்தக் கேள்வி 1978-லேயே உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனார். உச்சநீதிமன்றமே அவரை ஜாமீனில் விடச் சொல்லியிருந்தது. கீழே மாஜிஸ்திரேட்டோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று தள்ளிவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. தமிழனோ, மலையாளியோ, கன்னடியனோ, ஆந்திரனோ பஸ்தரிலும் போர்ட் பிளேயரிலும் சாந்தினி சௌக்கிலும் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவான் என்று தீர்ப்பிலேயே கேட்டார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடும்படி உத்தரவிட்டார். தோழர்களே, அது நம்முடைய வழக்கு!

ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவர்களுக்கு நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பார்க்கலாம் என்றும், அத்தகையோரிடம் உள்ளூர் ஜாமீனை வற்புறுத்தாதிருக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறியது. தீர்ப்பு இருக்கிறது. அதை நம் வட்டாரக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும்.

மூன்றாவது படி விசாரணை. பெரிய குற்றங்கள் மாஜிஸ்திரேட்டிடமிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, “ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்பார்கள். “ஆமாம் என்று சொல், அபராதத்தோடு போய்விடும்” என்று யாராவது காதிலே ஓதினால் நம்பாதீர்கள். வக்கீலைக் கேட்காமல் தலையாட்டக் கூடாது. பிறகு சாட்சிகள் வருவார்கள். அவர்கள் சொல்வது விளங்காவிட்டால், விளங்கும் மொழியில் சொல்லும்படி கேட்க உரிமை உண்டு. “எனக்குத் தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பது அவமானமல்ல.

நான்காவது படி தீர்ப்பும் அப்பீலும். சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கும், செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் பொதுவாக ஹைகோர்ட்டுக்கும் அப்பீல். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் மனு அனுப்பலாம்.

வக்கீலுக்குப் பணம்? காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். நம்மில் ஒருவர் கைதானால் எஃப்.ஐ.ஆர். எண், கோர்ட்டு, முதல் ரிமாண்டு தேதி, 60-ஆம் நாள், 90-ஆம் நாள், அடுத்த வாய்தா எல்லாவற்றையும் எழுதுவோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தக் குடும்பத்தோடு ஒருவர் போய் நிற்போம். பிடிபட்டவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யட்டும். கேட்க நாதியில்லை என்பதற்காக நம்மில் ஒருவர்கூட ஒரு நாள்கூட அதிகமாக உள்ளே இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.