போட்டி முடிந்த பிறகு அழைப்பது யார்?

பெரிய விளையாட்டுப் போட்டி எங்கே நடந்தாலும், சம்பளம் இல்லாமல் உழைக்க ஆயிரக்கணக்கானோர் முன்வருகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இப்படிப் பணியாற்றியவர்கள் 70,000 பேர். விண்ணப்பித்தவர்களோ சுமார் 2,40,000 பேர். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நம் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களாக நின்றார்கள். வாழ்நாளில் ஒருமுறை வரும் நிகழ்வில் தமக்கும் பங்கு வேண்டும் என்ற ஆசை, விளையாட்டின் மீது பற்று, வேலைக்கு உதவும் சான்றிதழ் எனக் காரணங்கள் பல.

போட்டி முடிந்த பிறகும் அவர்கள் தொண்டைத் தொடர்கிறார்களா? விழாவின் ஈர்ப்பு விழாவோடு முடிந்துவிடும். ஏற்கெனவே தொண்டில் பழகியவர்கள் தொடர்வார்கள். புதிதாக வந்தவர்களை யாராவது மறுபடி அழைக்க வேண்டும். 2002இல் காமன்வெல்த் போட்டிகளை நடத்திய மான்செஸ்டர் நகரம் இதைச் செய்தது. அங்கே உழைத்தவர்களுக்கென்று தனி அமைப்பை உருவாக்கி, நகரின் ஓட்டப் போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் தொடர்ந்து அழைத்தது. ஆக, குறை பெரும்பாலும் மனிதர்களின் மனத்தில் இல்லை, அழைப்பு இல்லாததில்தான் இருக்கிறது.

கோடிகள் புரளும் போட்டிக்கு இலவச உழைப்பு எதற்கு என்று கேட்பது நியாயமே. கூலிக்குரிய வேலைக்குக் கூலி தந்தாக வேண்டும்; தொண்டு செய்பவருக்கும் உணவு, போக்குவரத்து, பயிற்சி, மரியாதை நான்கும் உறுதியாக வேண்டும். சான்றிதழுக்காக வருபவர் நிலைக்கமாட்டார் என்பாரும் உண்டு. ஒருவரை அழைத்து வரும் காரணமும் அவரை நிறுத்தி வைக்கும் காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. வந்த இடத்தில் நட்பும் பொறுப்பும் கிடைத்தால், சான்றிதழ் பின்னுக்குப் போய்விடும்.

நம் சேர்வராயன் மலைக்கு ஒலிம்பிக் வரப்போவதில்லை. ஆனால் இம்மலையிலுள்ள ஏற்காட்டில் கோடை விழா நடக்கிறது. ஏரியில் படகுப் போட்டியும் நடக்கிறது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், முதலுதவிக்கும், குப்பை சேராமல் காக்கவும் இளைஞர்கள் தேவை. அப்படி வருபவர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, அடுத்த மாதமே மலைக்கிராமப் பள்ளிகளின் விளையாட்டு விழாவுக்கும், குறுவட்டப் போட்டிகளுக்கும், சேலத்தில் நடக்கும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கும் அழைக்கலாம். பெரிய செலவில்லாத இந்தப் பொறுப்பை ஊராட்சியும் பள்ளிகளும் சேர்ந்து ஏற்க வேண்டும். மலைப்பிள்ளைகள் ஓடும் பந்தயத்துக்கு நேரம் குறிக்கவும் கைதட்டவும் ஆள் இருந்தால், அவர்கள் இன்னும் வேகமாக ஓடுவார்கள்.